ராஜகோபாலன் வீட்டு மூச்சு மெஷின்

பதிமூன்றாம் நாள் சுபமும் முடிந்தபோது ராஜகோபாலனுடைய சாமான்கள் அந்த வீட்டில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. குடையும் செருப்பும் கட்டிலும் சாஸ்திரிகளோடு போயின. ஸ்வெட்டர்களை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டான். மூக்குக்கண்ணாடியை மட்டும் அவர் மனைவி ருக்கு மாமி யாருக்கும் தரவில்லை. படுக்கையறை மூலையில் ஒரே ஒரு பொருள், யாரும் கேட்காமலும் தொடாமலும் கிடந்தது. டிபன் கேரியர் பருமனில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து நெளிந்து போகும் குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் ரப்பர் முகமூடி. கடைசி இரண்டு வருஷம் அவர் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்கினார்.

பத்து வருஷமாக அந்த முனீர்கா வீட்டில் வேலை செய்கிற குஞ்சம்மாள், பெருக்கிக்கொண்டே மூலைக்கு வந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"மாமி, இத நான் எடுத்துக்கிட்டுப் போவட்டுமா?"

"எதை, அதையா? அது அவர் மூஞ்சியிலே கிடந்த சாமான்டீ. பழைய சாமான் எடுக்கற கபாடிவாலாகூடத் தொட மாட்டேங்கறான்."

"எங்க வூட்டுக்காருக்குத்தான்."

மாமிக்கு விஷயம் தெரியும். குஞ்சம்மாள் அடுப்படியில் புருஷனின் குறட்டையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு நாளில், "சிரிக்காதே, எங்காத்து மாமாவும் இப்படித்தான் நடுவிலே மூச்சை நிறுத்துவார், டாக்டரண்ட அழைச்சுண்டு போ" என்று சொன்னதே அவள்தான்.

"டெஸ்ட் ஆயிடுத்தா? அவாவாளுக்கு அளவு பாத்துதான் இதுல காத்து வெப்பா."

"ஏப்ரல் பதினேழு வரச் சொல்லியிருக்காங்க மாமி."

அப்போது நவம்பர் நடந்துகொண்டிருந்தது. மாமி விரலால் மாதங்களை எண்ணினாள். பிறகு பெட்டியைப் பார்க்காமலே சொன்னாள்: "எடுத்துண்டு போ. ஆனா எங்காத்துதுன்னு மூச்சு விடாதே. செத்தவா சாமானைக் கொடுத்தேன்னு உன் ஆம்படையான் வாசல்ல வந்து கத்தினா என்னால தாங்க முடியாது."

குஞ்சம்மாளின் புருஷன் மாசிலாமணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சொந்த வண்டி, பழைய மாருதி. ஆர்.கே.புரத்து செக்டர்களிலிருந்து பதினோரு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் விட்டு, மதியம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவான். தீபாவளிக்கு முந்தின வாரம் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது அது டிவைடர்மேல் ஏறி நின்றது. ஒரு டயர் போனதோடு சரி. நாய் குறுக்கே வந்தது என்றான். குஞ்சம்மாள் சரி என்றாள். நாய் எதுவும் வந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மற்ற பெண்கள் புருஷனுடைய குறட்டையால் விழித்துக்கொள்வார்கள். குஞ்சம்மாளுக்குக் குறட்டை நிற்கும்போதுதான் விழிப்பு வரும். கதவுகளையெல்லாம் அதிர வைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்துபோகும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். மூக்கில் கை வைத்தால் காற்று வராது. அவள் தோளைப் பிடித்து உலுக்குவதற்குள், கிணற்றில் மூழ்கினவன் மேலே வருவதுபோல ஒரு பெரும் திணறலோடு மூச்சு திரும்பும். மறுபடி குறட்டை. விடியும்வரை இதேதான். காலையில் தலைவலி என்று எழுந்திருப்பான். மதியச் சாப்பாட்டில் பிசைந்த கவளம் கையிலிருக்க, அப்படியே கண்ணை மூடிவிடுவான்.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவன் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். கழுத்தை நாடாவால் அளந்தாள். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, உடம்பு பயந்து எழுப்பிவிடுகிறது, எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின கணக்கில் சேராது என்றாள். இராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துச் செய்யும் சோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தாள். அதுவரை வண்டி ஓட்டாதே என்றும் சொன்னாள். திரும்பி வருகிற பஸ்ஸில் மாசிலாமணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கடைசியா சொன்னாங்களே, அத யாருகிட்டயும் சொல்லாத" என்றான். குஞ்சம்மாள் சொல்லவில்லை.

ஐந்து மாதம் இருந்தது. அந்த மெஷின் கிடைத்துவிட்டால் ஐந்து மாதத்தைத் தாண்டிவிடலாம் என்பதுதான் அவள் நினைப்பு.

சனிக்கிழமை, அவன் பஞ்சர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், வேலையை ஆரம்பித்தாள். முகமூடியையும் குழாயையும் சோப்புப் போட்டு அலசி, மஞ்சள் தண்ணீரில் முக்கி, கொடியில் உலர்த்தினாள். பெட்டியைக் கழுவ முடியாது, கரண்டு சாமான். ஆனால் அதற்குள்தானே ராஜகோபாலனுடைய மூச்சு இரண்டு வருஷம் போய்வந்துகொண்டிருந்தது? சாவு விழுந்த வீட்டை எப்படிச் சுத்தம் செய்வார்களோ அப்படித்தான் இதையும் செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. தெருமுனையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரரிடம் இரண்டு கங்கு வாங்கி வந்து, சாம்பிராணியைத் தூவினாள். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டாள். மெஷின் தானாகவே புகையை இழுத்துக்கொண்டது. சற்று நேரத்தில் குழாயின் மறுமுனையில் நூல்போல வெளியே வந்தது. அதன் வயிறு முழுக்கப் புகை சுற்றிவந்திருக்கிறது என்று நினைத்தபோது குஞ்சம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியவர் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்தாற்போலவே இருந்தது. இன்னும் ஒரு கை சாம்பிராணி அள்ளிப் போட்டாள்.

ஞாயிறு மதியம் மாசிலாமணியிடம், "மாமி வூட்டுச் சொந்தக்காரங்க ஒருத்தர் ஆஸ்பத்திரில வேல பாக்குறாரு, அங்க மிச்சமானதுன்னு குடுத்தாரு" என்றாள். அவன் அதிகம் கேட்கவில்லை. அவனுக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

ஆட்டோ ஓட்டுகிற அவள் தம்பி குணா கறிச் சோற்றுக்கு வந்திருந்தான். மாசிலாமணி வார்களை இழுத்து மாட்டிக்கொண்டதைப் பார்த்து, "மாமா, ப்ளேன் எத்தினி மணிக்குக் கெளம்புது?" என்றான்.

"நீ மொதல்ல ஆட்டோவ ஒழுங்கா ஓட்டுடா" என்றான் மாசிலாமணி. முகமூடிக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுவதுபோல வந்தது. "ஏ குஞ்சு, ஓடுற பஸ்ஸுல தலைய வெளிய நீட்டுன மாதிரி காத்து அடிக்குதுடி."

"அடிக்கட்டும். கண்ண மூடு."

மூடினான். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டான். குறட்டை வரவில்லை. குணா சாப்பிட்டுப் போனான், அப்போதும் வரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீடு இத்தனை அமைதியாக இருந்ததில்லை. குஞ்சம்மாளால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. செத்துவிட்டானோ என்று நெஞ்சில் கை வைத்தாள். மார்பு மெல்ல, சீராக, யாருக்கும் பயப்படாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது நிமிஷம் போயிருக்கும். மாசிலாமணி இருமினான். இருமிக்கொண்டே எழுந்து, முகமூடியைப் பிய்த்து எறிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். கண்ணில் தண்ணீர்.

"என்னாடி இது, தொண்டையெல்லாம் பொகை!" முகமூடியை எடுத்து மோந்து பார்த்தான். "சாம்பிராணி."

"சுத்தமா இருக்கட்டும்னுதான் கொஞ்சம் காட்னேன்."

"புதுச் சாமான்னா பொட்டு வப்பாங்க. சாம்பிராணி எதுக்குடி?" அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். டிரைவர்களுக்கு வழி சட்டென்று பிடிபட்டுவிடும். "மாமி வூட்டுக்காரு போய் எத்தினி நாளாச்சு?"

அவள் சுவிட்சை அணைத்தாள்.

"எரிச்ச மனுசனோட மூச்ச எனக்கு மாட்டி வுட்டிருக்க."

"அது வெறும் காத்துய்யா. நாப்பது நிமிசம் நீ தூங்குனது எனக்குத்தான் தெரியும். கொழந்த மாதிரி…"

"தொடாத அத. எடுத்துக்கினு போ வெளிய."

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு குஞ்சம்மாள் யூசுப் சராய்க்குப் போனாள். ராஜகோபாலனுக்கு மெஷின் விற்ற கடை அங்கேதான். கடைக்காரர் ரமேஷ்குமார் பின்பக்கத்து மூடியைத் திறந்து, தபால்தலை அளவில் இருந்த ஒரு பஞ்சு வில்லையை இடுக்கியால் எடுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது, கடாயின் அடிபோலக் கறுத்திருந்தது.

"தூப் காட்டினீங்களா?" என்று இந்தியில் கேட்டார். அவள் தலையாட்டினாள். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. "பஹன்ஜி, இது சாமி படமா?" பெட்டியை மோந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வில்லையை மாற்றிவிடலாம், ஆனால் உள்ளே காற்றை ஊதும் மோட்டாரில் கரி ஏறிவிட்டது, இனி இதில் மூச்சு விடுகிறவன் நெஞ்சுக்குத்தான் அத்தனையும் போகும் என்றார். தவிர, இந்தக் காற்றின் வேகமே அந்தப் பெரியவருக்கு வைத்தது. சோதனை முடிந்து டாக்டர் அளவு எழுதித் தந்தால்தான் யாருக்கும் மெஷின் என்றார்.

"உங்க ஆளு என்ன வேலை பார்க்கிறார்?"

"வேலைக்குப் போறாரு" என்றாள் குஞ்சம்மாள்.

"டிரைவரா மட்டும் இருக்கக் கூடாது. அதுக்காகக் கேட்டேன்."

அவள் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மாமிக்கு வர நேரமாகும் என்று போன் செய்துவிட்டு, வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "நீ எதுக்கு?" என்றான் மாசிலாமணி. "சும்மா" என்றாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தால் தூங்க மாட்டான் என்பது அவள் திட்டம். ஆனால் இரண்டு நாளாகப் பேசாதவனிடம் என்ன பேசுவது? பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறின. செக்டர் நாலில் சுபாஷிணி என்கிற ஏழு வயதுப் பெண் ஓடி வந்து முன்கதவைத் திறந்தது. தன் இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. பிறகு அவள் மடியிலேயே ஏறிக்கொண்டது.

மோதி பாக் சிக்னலில் வண்டி நின்றது. நீளமான சிக்னல். சுபாஷிணி ஏதோ பல்லியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமலே, எக்கி ஹார்னை அழுத்தியது. குஞ்சம்மாள் திரும்பினாள். மாசிலாமணியின் மோவாய் நெஞ்சிலிருந்து மேலே எழும்பியது. விளக்கு பச்சை. அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான். பின்னால் யாரோ, "தோ!" என்று இந்தியில் இரண்டு எண்ணிக் கத்தினார்கள். பிள்ளைகள் சிரித்தன. அன்றைக்கு இரண்டாவது முறை அது. முதல் தடவையை அவள் கவனிக்கவேயில்லை.

பள்ளி வாசலில் சுபாஷிணியை இறக்கிவிடுகிற சாக்கில் அவளும் இறங்கி, கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"ஹார்ன் எதுக்கும்மா அடிச்ச?"

"அது என் ட்யூட்டி, ஆன்ட்டி. முன்னாடி உக்கார்றவங்கதான் அங்கிளை எழுப்பணும். ஃப்ரைடே வரைக்கும் என் டர்ன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"நஹீ! சீக்ரெட். சொல்லாட்டா அங்கிள் டாஃபி தருவாரு."

குஞ்சம்மாள் திரும்பி வந்தாள். அவன் ஸ்டியரிங்கில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஜன்னல் வழியாகக் கை நீட்டிச் சாவியை உருவினாள்.

"என்னாடி பண்ற?"

"புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்தியா?"

அவன் முகம் தொங்கியது. எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்தான். "எனக்குத் தெரியும்டி. நான் முழிச்சிக்கினு இல்லன்னு தெரியும். அதான் சின்னப் புள்ளைய முன்னாடி வச்சிக்கினேன். அதுங்க நல்லாப் பாத்துக்கும். ஒரு நாள்கூடத் தவற வுட்டதில்ல."

அவனை மட்டும் திட்டி என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த பஸ்ஸில் அவளும்தான் சரி என்று தலையாட்டினாள். அவன் போனை எடுத்துச் சுபாஷிணியின் அம்மா மாதுரிக்கு அடித்தாள். அவன் தடுக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"எவ்வளவு நாளா இது?" என்றாள் மாதுரி.

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்து."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும் மேடம்."

போன் துண்டிக்கப்பட்டது. பத்து நிமிஷத்தில் மாசிலாமணியின் போன் அடிக்கத் தொடங்கியது, மதியம்வரை ஓயவில்லை. பதினோரு பேரில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். நாலு பேர், வேறு ஆள் ஓட்டினால் அனுப்புகிறோம் என்றார்கள். பள்ளி வாசலிலிருந்து வேனை வீட்டுக்கு ஓட்டி வந்த குணா, ஆட்டோவைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு இதை ஓட்டுவதாக ஒப்புக்கொண்டான்.

மறுநாள் அவன் வந்தபோது மாசிலாமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே வழி சொன்னான். யாரிடமும் இத்தனை பொறுமையாக அவன் பேசி குஞ்சம்மாள் கேட்டதில்லை.

"செக்டர் ரெண்டுல கேட்டாண்ட நிறுத்தாத, தாண்டி நிறுத்து. அந்தப் பையன் பாக்காம ரோட்டுல எறங்கிடுவான். எடது பக்கக் கதவு ரெண்டு வாட்டி இழுத்தாத்தான் பூட்டும், ஒவ்வொரு வாட்டியும் நீயே எறங்கி இழுக்கணும், புள்ளைங்கள நம்பாத. அப்புறம் செக்டர் மூணு, அங்க ஒரு…"

சொல்லிக்கொண்டே இருந்தவனின் தலை சாய்ந்தது. குணா கையிலிருந்த பேனாவால் அவன் முழங்காலைத் தட்டப் போனான்.

"வுடுடா" என்றாள் குஞ்சம்மாள். "எதுல நிறுத்தினாரு?"

"செக்டர் மூணு."

"எழுதிக்க. நான் நேத்து பாத்தேன், சொல்றேன். தண்ணி டேங்குக்கு எதிர்ல, மொத மாடி…"

குறட்டை பலமாக எழும்பி, பாதியில் அறுந்தது. குஞ்சம்மாள் சொல்வதை நிறுத்தினாள். குணா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அக்காளைப் பார்த்தான். அவள் புருஷனுடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திணறி, மூச்சை வாங்கினான்.

"பச்சைக் கேட்டு" என்றாள் அவள்.