விருந்தாளிக்குப் பதினாறு

சில்லா என்கிற நாற்பது நாள் கொடுங்கோடை தொடங்கிவிட்டால் சுர்ஹான் ஆற்றுப் பக்கத்து ஊர்களில் மதியத்தில் நாய்கூடத் தெருவில் இறங்காது. மின்பிரிவில் வேலை பார்க்கும் ஓய்தின் மட்டும் மீட்டரும் கையுமாகப் பல்கலைக்கழகக் கட்டடங்களில் அலைந்தாள். வளாகம் முழுவதற்கும் ஒரே மின்மானி. எந்த ஏசி எவ்வளவு தின்கிறது என்று, கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சின்ன மீட்டரால் அறை அறையாக அவள்தான் பார்க்க வேண்டும். அதிகம் தின்னும் துறையின் ஏசிகளைக் கழற்றிவிடுவதாகத் துணைவேந்தர் சத்தோரோவ் சொல்லியிருந்தார்.

மாட்டிக்கொண்டது மொழித்துறை. பொருளியல் துறையைப் போல இரண்டு மடங்கு தின்றது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே அவளுக்கு அளவெடுத்த மூன்று வாரமும் விருந்து. தலையைக் கண்டதுமே துறைத்தலைவி மஸ்தூரா முலாம்பழத்தை அறுப்பாள், பச்சைத் தேநீர் ஊற்றுவாள். பொருளியல்காரர்கள் ஒரு வாய்த் தண்ணீர் தந்ததில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமே என்று ஓய்தினுக்கு நெஞ்சை அறுத்தது. ஆனாலும் எண்ணை மாற்ற மனம் வரவில்லை. துணைவேந்தரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். கழற்றும் ஆட்கள் மறுநாள் வருவதாக ஏற்பாடு.

கடைசி அளவெடுக்கப் போனவள் மஸ்தூராவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“போன வருஷம் நுழைவுத் தேர்வுல ரெண்டு புள்ளைங்க மயங்கி விழுந்துச்சு. அப்புறம்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஏசிய வாங்கினோம்,” என்றாள் மஸ்தூரா. ஒரு பழக்கீற்றை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு, “நீ என்ன பண்ணுவ? பழத்தச் சாப்பிடு.”

பழத்தைத் தொடாமல் ஓய்தின் எழுந்து போய்விட்டாள். பாதி வழியில்தான் மீட்டரைக் கம்பியிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தால், ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஆசிரியைகள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அட, வந்துட்டாடி! ரிமோட்ட எடு, பதினாறுல வை!” என்றாள் மஸ்தூரா.

“அக்கா, எனக்காகவா போடுறீங்க?”

“பின்ன, வெயில்ல வர்ற விருந்தாளிய வேக வைக்கச் சொல்றியா? எங்களுக்கு அந்தக் குளிர் காத்து பட்டா கழுத்து புடிச்சுக்கும். புள்ளைங்க வந்தா இருபத்தேழுல வெப்போம். நமக்கு ஜன்னல் போதும்.”

ஓய்தின் ஓடிப்போய்ச் சத்தோரோவைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் உள்ளே நுழைந்ததும் ஏசி உறுமியது, முலாம்பழம் வந்தது, மீட்டரில் எண் எகிறியது.

“பாத்தியா? நீ சொன்னது சரிதானே!” என்றார்.

“ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க.”

“தேநீரே குடிக்கலியே!” என்று மஸ்தூராவுக்கு முகம் வாடிவிட்டது.

இருவரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே உறுமல் நின்றது, ஜன்னல் திறந்தது. ஜன்னலோரக் கம்பியில் தொங்கிய மீட்டரைச் சத்தோரோவ் எட்டிப் பார்த்தார். பூஜ்யம்.

“அப்ப மூணு வாரமா இங்க கரண்டத் தின்னது யாரும்மா?”

“நான்தான் ஐயா.” ஓய்தினுக்குக் காது வரை சிவந்தது.

“இன்னிக்கு நானும்,” என்றார் அவர், வேர்வையைத் துடைத்தபடி.

அதற்குள் மஸ்தூரா பார்த்துவிட்டாள். “ஐயோ, வெக்கையில நிக்கிறாங்களே! போடுங்கடி!”

“வேண்டாம்மா!” என்று கத்தினார் சத்தோரோவ். “ஏசிய யாரும் கழட்ட மாட்டாங்க. நாங்க வேர்த்துக்கிட்டே குடிக்கிறோம்!”

முன்பாதியைக் கேட்டு மஸ்தூராவின் கண் கலங்கியது. பின்பாதி அவளுக்கு ஒப்பவில்லை. ரிமோட்டைத் தானே வாங்கிப் பதினாறில் வைத்தாள்.