பூட்டுப் போட்டவர்

இறந்துபோன ஃபிட்டர் பெல்ட்டுக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், சுண்ணாம்புக்கல் ஆலையின் மூன்றாம் கன்வேயர் பெல்ட்டை ஒன்றரை வருடம் ஓட்ட முடியவில்லை. அவர் இறந்தது ஆலையில் அல்ல, வீட்டில், தூக்கத்தில். அதில் யார்மீதும் குற்றமில்லை. முந்தின நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பெல்ட்டை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, பாதி உருளைகளுக்கு கிரீஸ் வைத்திருந்தார். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று சாவியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்தான். பூட்டுப் போட்டவரே திறக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை மதிக்காத ஆலைகளில், கை இருந்த இடத்தில் சட்டைக்கை மட்டும் தொங்கும் ஆட்கள் உண்டு.

அடக்கம் முடிந்த மறுநாளே பெல்ட்டுக்கு அடியில் உருளைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. குனிந்தவர்களுக்கு அவருடைய பூட்ஸ் தெரிந்தது. ரப்பரில் இருந்த கிழிசல்கள் ஒவ்வொன்றாக ஒட்டப்பட்டன, ஒட்டும் சுத்தமாகவே இருந்தது. மேலாளர் பூட்டை அறுக்க மெஷினோடு ஆள் அனுப்பினார். "உள்ள ஆள் இருக்கும்போது எப்படி சார் அறுக்கறது?" என்று எலெக்ட்ரீஷியன் கேட்க, மேலாளருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சாவி ஃபிட்டரின் மனைவியிடம் இருந்தது. அவள் தரவில்லை. கணவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாததால் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். உண்மையில் அவளுக்குச் சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூட உறைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: சாவி போனால் பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினால் அவர் நசுங்கிவிடுவார். செத்தவருக்கு இன்னொரு சாவா என்று கேட்டவர்களை அவள் வாசலோடு அனுப்பிவைத்தாள்.

மூன்றாம் பெல்ட்டின் ஆட்களுக்கு அரைநாள் வேலைதான் கிடைத்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு லோடுமேனின் மனைவி வந்து, "அக்கா, உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறாரு, எங்க வீட்டுக்காரர் சும்மா உக்காந்திருக்காரு," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஃபிட்டரின் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய், பெல்ட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"வேலை இன்னும் முடியலையாங்க?"

"அது எப்பவோ முடிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"பூட்டத் தொறக்காம எப்படிக் கெளம்பறது? சாவி வீட்ல இருக்கே."

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் பொத்திவைத்திருந்த சாவிக்காகத்தான், அவர் துடைத்த உருளைகளையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாமே என்றாள். "நீ வச்சிருந்தே. அதான் கேக்கல," என்றார்.

அவள் நீட்டினாள். அவர் வெளியே வந்து பூட்டைத் திறந்து, கொக்கியில் மாட்டினார். முழங்கைவரை கறுப்பாக கிரீஸ். "நீ முன்னால நட. கை கழுவிட்டு வர்றேன்."

பெல்ட் அலுங்காமல் ஓடியது. அவள் ஆலை வாசலில் நின்றாள். சங்கு ஊதி, வேலை முடிந்தவர்கள் எல்லோரும் போனார்கள். பின்பக்கக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாகவும், மூட மனம் வரவில்லை என்றும் கடைசியாகப் போனவர் சொன்னார். காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார். யாருக்காக நிற்கிறாள் என்று கேட்கவில்லை.

"கை கழுவிட்டு இருக்காரு," என்று அவளே சொன்னாள்.

"கிரீஸ் லேசுல போகாதும்மா," என்றார் காவலாளி.

அது அவளுக்கும் தெரியும். பஸ் வந்ததும் ஏறிப் போனாள்.