சப்பாத்தோட வாங்கோ

சோஹார் தொழிலாளர் முகாமிலிருந்து வந்த பேருந்து பழைய மஸ்கட்டின் பெரிய வாசலில் நின்றது. இறங்கியவர்களின் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பத்தொன்பது பேர். ஒருவர் விடாமல் ரப்பர் செருப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமையே வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தேன். மதிலோரமாக மூன்று கிலோமீட்டர் நடை, கல்லும் படியும் கிடக்கும், எல்லாரும் நல்ல சப்பாத்தோட வாங்கோ என்று இரண்டு தரம் சொல்லியிருந்தேன். பத்தொன்பது பேரும் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டிருந்தார்கள்.

"கண்டிஷன் ஞாபகம் இருக்குல்ல கஜாலினி?" என்றார் ஷம்சாத் அக்கா. ருவியில் சின்னதாகப் பயண அலுவலகம் நடத்தும் காயல்பட்டினத்துக்காரர். "போன தடவை வந்தவங்க கால் மணி நேரத்துல பஸ்ல ஏறி ஏசி போடச் சொல்லிட்டாங்க. இவங்க அத்தனை பேரும் கடைசி வாசல் வரைக்கும் நடந்து வரணும். ஒருத்தர் முன்னாடியே பஸ்ல ஏறுனாலும் கலாஸ். அப்புறம் விசா பேச்சே கிடையாது."

யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். மஸ்கட்டில் ஒரு வீட்டுக் குசினிக்குள் சமையல்காரியாக நான்கு வருடம் கிடந்தேன். அந்த வீட்டு விசா மாதக் கடைசியில் முடிகிறது. தமிழ்க் குழுக்களைக் கூட்டிப்போகும் இந்த வேலை கிடைத்தால் இருப்பேன், கிடைக்காவிட்டால் இன்னொரு குசினி. இன்னொரு குசினிக்குள் நான் காலெடுத்து வைப்பதாக இல்லை.

பேருந்து ஷம்சாத் அக்காவோடு கடைசி வாசலுக்குப் போய்விட்டது. நான் தொடங்கினேன். ஆயிரத்து ஐந்நூற்று ஏழில் போர்த்துக்கீசப் பறங்கிகள் கப்பலில் வந்தது, ஊரைப் பிடித்தது, மலைமேல் இரண்டு கோட்டை கட்டியது, நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து ஓமானியர் அவர்களைத் துரத்தியது எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார், அது வரிசையாகப் பத்துப் பேருக்குத் தொற்றியது.

"பரங்கின்னா பரங்கிக்காய் விக்க வந்தவனுங்களா மேடம்?" என்றான் அன்பரசன். பெரம்பலூர்க்காரன், வாய் சும்மா இருக்காது. தோளில் ஒரு பெரிய பை வேறு. நடையைக் கூட்டினேன்.

மதிலோரப் படிகளில் ஏறும்போது அது நடந்தது. குழுவின் மூத்தவர் அம்மையப்பன், அரியலூர்ப் பக்கம். முப்பது வருடமாகக் கல்லும் சிமெண்டும் பிடித்த கை. எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய செருப்பு வார் பட்டென்று அறுந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பஸ்ல போய் உக்காந்துக்கறேன்மா. குறுக்கால போனா அஞ்சு நிமிசந்தான். நீங்க பாத்துட்டு வாங்க."

"அப்ப நானும் வரேன் மேஸ்திரி" என்று இரண்டு பேர் திரும்பினார்கள். என் விசாவும் அவர்களோடு திரும்பிப் போவது போலிருந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"ஒருத்தரும் அசையக்கூடாது! நான் வடிவாச் சொன்னனான்தானே, சப்பாத்தோட வாங்கோ எண்டு! ஒருத்தராவது கேட்டியளோ?"

"கேக்காமயா?" அன்பரசன் பையைத் திறந்து காட்டினான். "நூத்தி இருவது இருக்கு. குருமா தனியா. விடியக்காலையில எந்திரிச்சு நாலு பேரு மாவு பெசஞ்சோம் மேடம். எங்க உக்காந்து திங்கறதுன்னுதான் நீங்க சொல்லவே இல்ல."

பைக்குள் துணியில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டிய சப்பாத்திகள்.

"கடவுளே! சப்பாத்து எண்டா ஷூ!"

முதலில் அன்பரசன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் மனப்பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோனது நல்லதாயிற்று.

"அது இந்தப் பறங்கியளின்ர சொல்லு" என்றேன். "எங்கட ஊரிலயும் கோட்டை கட்டினவை. கோட்டை இடிஞ்சுபோச்சு, சொல்லு நிக்குது. நீங்கள் சொல்லுற சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவையளிட்ட வாங்கினதுதான்." அம்மையப்பனைப் பார்த்தேன். "மேஸ்திரியும்தான் அண்ணை."

அவருக்குச் சுருக்கென்றது. "எங்கப்பாரும் மேஸ்திரிதான். அது எங்க ஊருச் சொல்லும்மா."

"வேலை தெரிஞ்சவனுக்கு அவையளின்ர பாசையில மெஸ்த்ரெ எண்டு பேர். அதைத்தான் நாங்கள் மேஸ்திரி ஆக்கினது."

அவர் மதிலை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இதக் கட்டுனவனையும் மேஸ்திரின்னுதான் கூப்புட்டிருப்பாங்களா?"

"அப்பிடித்தான் கூப்பிட்டிருப்பினம்."

விரல் மடக்கி மதிலைத் தட்டினார். "இது புதுப் பூச்சு. பழைய கல்லு எங்க இருக்கு?"

"மிரானிக் கோட்டை அடியில கொஞ்சம் தெரியும். அதுவரைக்கும் நடக்கோணும்."

அவர் சப்பாத்திப் பொட்டலத்தின் சணல் கயிற்றை உருவி, அறுந்த வாரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். எழுந்து எனக்கு முன்னால் நடந்தார். திரும்பிய இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அதிகம் கத்த வேண்டியிருக்கவில்லை. தெருவில் எதைப் பார்த்தாலும் பறங்கியா, நம்முடையதா என்று அவர்களே சண்டை பிடித்தார்கள். ஒருவர் குக்கர் என்று சொல்லி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். துறைமுகப் பாறைகளில் மாலுமிகள் எழுதிவைத்த கப்பல் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள்.

கடைசி வாசலில் ஷம்சாத் அக்கா ஒவ்வொரு தலையாக எண்ணினார். பிறகு இன்னொரு தரம் எண்ணினார்.

"பதினெட்டு. ஒருத்தர் குறையுதே கஜாலினி."

அம்மையப்பனைக் காணவில்லை. ஓடிப்போய்ப் பேருந்துக்குள் ஏறி ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தேன். இல்லை. குறுக்கு வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டார், முடிந்தது என் கதை என்று இறங்கியபோது, மதில் வளைவில் அவர் வந்துகொண்டிருந்தார். கயிறு கட்டிய செருப்பை இழுத்து இழுத்து, கோட்டைப் பக்கமிருந்து நடந்து வந்தார். முழங்காலெல்லாம் மண்.

"ஷம்சாத் மேடம், அடுத்த வாரம் நம்ம கேம்ப்ல மிச்சப் பசங்களையும் கூட்டியாரலாமா?" என்றார். "அந்த மூலைக்கல்ல என்னமா கோத்துருக்கான் தெரியுமா! இந்தத் தங்கச்சியத்தான் அனுப்பணும், ஆமா."

ஷம்சாத் அக்கா என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை பாஸ்போர்ட் எடுத்துட்டு ஆபீசுக்கு வா. ஆனா சப்பாத்திக் கதைய இவங்க சொல்லிட்டாங்க, மெசேஜ்ல இனிமே ஷூன்னு சொல்லு, புரியுதா?"

"மாட்டன் அக்கா" என்றேன். வேலை கிடைத்த நிமிடமே முதலாளியை எதிர்த்துப் பேசினேன், எனக்குப் பயமாகவே இல்லை.

மதில் நிழலில் எல்லாரும் சப்பாத்தி தின்றுகொண்டிருக்கும்போதே அடுத்த வெள்ளிக்கிழமைக்கான குரல் செய்தியைப் பதிந்தேன்.

"எல்லாரும் காலில சப்பாத்தோட வாங்கோ. கையில சப்பாத்தியோட வாங்கோ."