படப்புத்தகக்காரர்

திங்கட்கிழமை காலை, முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் புடைவைக் கடையில் ஷிஹானா துணி அளந்துகொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். பேசிய ஆண் தன் பெயரைச் சொல்லவில்லை. தமிழ் நன்றாகத்தான் பேசினான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துவிட்டு வைப்பதுபோல் இருந்தது.

“நேற்று நூலகத்தில கூட்டம் நடந்ததுதானே?”

“கூட்டமில்லை. வாசகர் வட்டம். வாசிச்ச புத்தகங்களைப் பற்றிக் கதைக்கிறது.”

“என்ன புத்தகம்?”

“மர்மக்கதை. பேந்து, சின்னப்பிள்ளையளின்ர படப்புத்தகம்.”

“கடலை வடை தங்கராசாதானே கொண்டுவந்தது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. துணி வாங்க வந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிங்கோ அக்கா” என்றாள்.

கணவன் றம்சீன் மத்தியானம் சாப்பிட வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“இனிப் போகாதேயும்.”

“ஏன் போகாமல் விடவேணும்? புத்தகம்தானே கதைக்கிறம்.”

“உது ஆமிக்காரர்தான். அவங்களுக்கு வடை வரைக்கும் தெரிஞ்சிருக்கு. உள்ளுக்க இருந்து ஆரோ சொல்லியிருக்கினம்.”

அதை அவளும் நினைத்திருந்தாள். இன்னொருவர் வாயால் கேட்கத்தான் பயந்திருந்தாள்.

ஷிஹானா புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து வந்த மர்மக்கதைகள்தான் அவளை வாசகியாக்கின. கொலை அதிகம் இல்லாத கதைகள்: தொலைந்துபோன மணிக்கூடு, பூட்டிய அறைக்குள்ளிருந்து மறைந்த மோதிரம், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே உண்மையைக் கண்டுபிடிக்கும் ஒருத்தி. கல்யாணம் முடித்து, றம்சீனின் வாப்பா விட்டுப்போன கடையைத் திரும்பத் திறக்க முல்லைத்தீவுக்கு வந்த பிறகு, நூலகத்தின் பக்க அறையில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் இந்த வட்டத்தை அவள்தான் தொடக்கினாள். வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். முடிவைச் சொல்லக்கூடாது. கனமான புத்தகங்களை யாரும் கொண்டுவருவதில்லை. கொண்டுவரவேண்டாம் என்று யாரும் சொன்னதுமில்லை.

வழக்கமாக வருகிறவர்களில் தங்கராசா ஐயா ஓய்வுபெற்ற தபாலதிபர். எந்த மர்மக்கதையிலும் கள்ளனைப் பாதியிலேயே பிடித்துவிடுவதாகச் சொல்வார். தர்மிளா, போட்டோக்கொப்பி எடுக்கும் கடையில் வேலை செய்யும் இளம்பெண். யார் என்ன புத்தகம் சொன்னார்கள் என்று கொப்பியில் குறித்துக்கொள்வது அவள் பொறுப்பு. இன்னும் மூன்று நான்கு பேர். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

சுடலைமுத்துவைத் தவிர.

மாரி முடிந்த கையோடு அவர் தானாக வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கிய ஆள். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து அக்கராயனில் குடியேறியவர்கள் என்றார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. என்ன வேலை என்று கேட்டால், “சில்லறை வேலையள்தான் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார். அப்படிப்பட்ட மனிதர் மாதாமாதம் சிறுவர் படப்புத்தகத்தைத்தான் கொண்டுவந்தார். முந்தைய நாளும் ஒன்றை விரித்துக் காட்டினார்.

“இதில ஒரு யானை ஒளிச்சு விளையாடுது. தென்னைக்குப் பின்னால நிக்குது, சைக்கிளுக்குப் பின்னால நிக்குது. எந்தப் பக்கத்திலயும் முழு யானை வராது. ஆனா வாசிச்சு முடிய யானையை முழுசாப் பார்த்த மாதிரி இருக்கும். வளர்ந்த ஆக்களும் பார்க்கலாம்.”

சொல்லி முடித்ததும் கைத்தொலைபேசியை எடுத்து, மேசையில் கிடந்த மற்றவர்களின் புத்தக அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்க்க வேறு மாதிரி இருந்தது.

அன்று பின்னேரமே ஷிஹானா தங்கராசா ஐயா வீட்டுக்குப் போனாள். அவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் போன் அடிச்சவன், பிள்ளை. வடைக்கு உள்ளி போட்டதோ எண்டு மட்டும்தான் கேக்கேல்லை.”

“ஆர் ஐயா சொல்லியிருப்பினம்?”

“நான் ஒண்டு சொல்லுறன், ஆருக்கும் சொல்லாதேயும். போன மாதம் உந்தச் சுடலைமுத்து ஆமிக் காம்ப் வாசலால வெளிய வந்ததை என்ர கண்ணால கண்டனான். வாசல்ல நிண்டவன் சிரிச்சுக் கையாட்டி அனுப்பினவன்.”

ஷிஹானாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் மர்மக்கதை வாசித்த மனம் அத்தாட்சி கேட்டது. அடுத்த கிழமை சுடலைமுத்து புத்தகம் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்கு வந்தபோது, அவள் அலுமாரியோரம் அவரை மறித்துக் கதை கொடுத்தாள். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “அடுத்த மாதம் இங்க இல்லை அண்ணை. சிலாவத்தையில, தங்கராசா ஐயா வீட்டில” என்றாள்.

அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. வேறு எவரிடமும் அவள் அதைச் சொல்லவுமில்லை.

“அப்பிடியே? நல்லது” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இரண்டு நாள் கழித்து அதே குரல் தொலைபேசியில் வந்தது.

“கூட்டத்தை ஏன் வீட்டுக்கு மாத்தினீங்கள்? நூலகத்தில என்ன பிரச்சினை?”

ஷிஹானா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பயத்தோடு, சொல்ல வெட்கப்படும்படியான ஒரு சந்தோஷமும் வந்தது. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். “மாத்தேல்லை. அங்கதான்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே சுடலைமுத்துவைப் பற்றிய சந்தேகம் காதுக்குக் காது போய்விட்டது. சிலாவத்தைக் கதை பிழை என்று தங்கராசா ஐயாவிடம் அறிந்த தர்மிளா, நூலகத்தில்தான் கூட்டம் என்று சொல்லி, சுடலைமுத்துவும் அங்கேயே வந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் யாரும் இருக்கவில்லை. ஷிஹானா ஒரு மர்மக்கதையைப் பற்றி நாலு வசனம் சொல்லி நிறுத்திக்கொண்டாள். தங்கராசா ஐயா கொண்டுவந்த புத்தகத்தைப் பையை விட்டே எடுக்கவில்லை. சுடலைமுத்து மட்டும் எதையும் கவனிக்காதவர்போல், வளையைத் தொலைத்த ஒரு நண்டின் படக்கதையை விரித்தார். களப்பின் நீலத்தை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று விரலால் தொட்டுக் காட்டினார். ஒருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவருடைய கைத்தொலைபேசியைத்தான் பார்த்தார்கள்.

“தம்பி, இதையெல்லாம் நீர் எங்க கொண்டுபோய்ச் சொல்லப்போறீர்?” என்று கேட்டார் தங்கராசா ஐயா.

சுடலைமுத்து விளங்காமல் அவரைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஷிஹானாவின் முகத்தில் அவர் பார்வை மற்றவர்களைவிடக் கூட நேரம் நின்றது. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். வெளியே அவருடைய மோட்டார் சைக்கிள் இரண்டு மூன்று தரம் உதைத்த பிறகுதான் எழும்பியது. அது ஒழுங்கையால் திரும்பித் தெருவில் ஏறியது.

“போகட்டும்” என்றார் தங்கராசா ஐயா.

தர்மிளா மட்டும் முகம் சுருங்கி இருந்தாள். “அந்தாள் பாவம்போல கிடக்கு” என்றாள். தங்கராசா ஐயா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

சில நாட்களில் கடைக்கு ஒரு இளம்பெண் வந்தாள். கஜேந்தினி என்று பேர், அக்கராயனில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. சொந்தக்காரரின் கல்யாணத்துக்குச் சீலை எடுக்க வந்தவள், சீலையை விட்டுவிட்டு ஷிஹானாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள்தானே மர்மக்கதை சொல்லுற அக்கா?”

ஷிஹானாவின் கை மடித்துக்கொண்டிருந்த சீலையிலேயே நின்றுவிட்டது. “ஆர் சொன்னது?”

“பேஸ்புக்கில பாக்கிறனான். நீங்கள் சொன்ன மணிக்கூட்டுக் கதையைத் தேடி எடுத்து வாசிச்சனான். படப்புத்தகங்களை என்ர பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டுறனான்.”

கஜேந்தினி கைத்தொலைபேசியை நீட்டினாள். வட்டத்தின் பெயரில் ஒரு பக்கம். தர்மிளா போட்டவை எல்லாம் அங்கே இருந்தன. ஒவ்வொரு மாதமும் யார் வந்தார்கள், யார் எந்தப் புத்தகத்தைச் சொன்னார்கள், எல்லாம். ஒரு படத்தில் தங்கராசா ஐயா தட்டை நீட்டிச் சிரிக்கிறார். கீழே, ‘ஐயாவின் கடலை வடையோடு இனிதே நிறைவுற்றது.’ அதற்கு மேலே இன்னொன்று: ‘அடுத்த சந்திப்பு சிலாவத்தையில், தங்கராசா ஐயா இல்லத்தில். பஸ்ஸில் வருகிறவர்கள் முன்கூட்டியே அறியத் தரவும்.’

யாரும் பார்க்கலாம். வீட்டில் சாய்ந்திருந்தபடி, ஒரு கேள்வியும் கேட்காமல், யாரும் பார்க்கலாம்.

“பக்கத்தில போட்டிட்டன்” என்று தர்மிளா ஒவ்வொரு முறையும் சொல்வாள். கொப்பிப் பக்கம் என்றுதான் ஷிஹானா நினைத்திருந்தாள். பேஸ்புக் அவளிடம் இல்லை.

“உந்தப் படப்புத்தகம் சொல்லுற மாமாவை எனக்குத் தெரியும்” என்றாள் கஜேந்தினி. “எங்கட பள்ளிக்கூடச் சுவரில யானைப் படம் கீறினவர். இப்ப முள்ளிவாய்க்கால் முன்பள்ளியில கீறுறாராம்.”

ஷிஹானா தர்மிளா வேலை செய்யும் கடைக்குப் போய், சிலாவத்தை என்று யார் சொன்னது என்ற ஒரு கேள்விதான் கேட்டாள். சுடலைமுத்து அண்ணை சிலாவத்தை வீட்டுக்கு எந்த வழியால் போவதென்று தன்னிடம் விசாரித்ததாகவும், அப்படித்தான் இடம் மாறியது தனக்குத் தெரிந்ததென்றும் தர்மிளா சொன்னாள். “ஏன் அக்கா, பக்கத்தில போட்டது பிழையோ?” என்று கேட்டபோது அவளுடைய கண்கள் கலங்கிவிட்டன. ஷிஹானா அவள் தோளில் கைவைத்து, “உம்மில பிழையில்லை” என்றாள்.

றம்சீன் கடையைப் பார்த்துக்கொள்ள, அவள் முள்ளிவாய்க்காலுக்கு பஸ் ஏறினாள். முன்பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. முற்றத்துச் சுவரில் பாதி நண்டும் முழுக் கடலும் இருந்தன. சுடலைமுத்து ஏணியில் நின்றபடி அவளைக் கண்டார். இறங்கவில்லை.

“என்ன, இங்கயும் விசாரிக்க வந்தனீங்களோ?”

“இல்லை அண்ணை. நான் பிழை விட்டிட்டன். அதைச் சொல்ல வந்தனான்.”

பேஸ்புக் பக்கத்தைப் பற்றி, வடையைப் பற்றி, தொலைபேசிக் குரலைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவர் தூரிகையைத் தகரத்தின் விளிம்பில் வழித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இறங்கி வந்து ஏணிக் காலில் சாய்ந்தார்.

“எனக்கும் போன் அடிச்சவங்கள் தங்கச்சி. ரெண்டு தரம். நீங்கள்தான் சொல்லிக் குடுக்கிறது எண்டு நான் நினைச்சன்.”

“நானோ?”

“நீங்கள்தானே வந்த நாள் தொட்டுத் துருவித் துருவிக் கேட்டனீங்கள். என்ன வேலை, எங்க வீடு, ஆர் ஆக்கள் எண்டு. காம்புக்குள்ள ஒரு சுவர் கீறக் கூப்பிட்டவங்கள். மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே? அதைச் சொன்னால் நீங்கள் எல்லாரும் என்ன நினைப்பீங்கள்? அதுதான் சில்லறை வேலை எண்டு சொன்னனான். அட்டையையும் படத்தையும் போனில எடுக்கிறது பாத்துக் கீறத்தான்.”

ஷிஹானா மண்ணைப் பார்த்தாள். நண்டின் ஒரு கால் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது.

“சிலாவத்தை எண்டு ஏன் சொன்னீங்கள்?” என்று கேட்டார் அவர். “அப்பிடி ஒரு கூட்டமே வைக்கிற எண்ணம் இல்லை எண்டு தர்மிளா சொன்னவா.”

இதைத்தான் அவர் கேட்கக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“உங்களைப் பிடிக்கிறதுக்கு. உங்களுக்கு மட்டும் ஒரு பொய்யைச் சொல்லி, அது திரும்பி வருதோ எண்டு பாத்தனான்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். வழிந்த பெயின்றைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

“நான் அண்டைக்கு வீட்டை போய் சேட் அயன் பண்ணி வச்சனான்” என்றார். “முதல்தரம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கினம் எண்டு.”

அவளால் அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. “அடுத்த கூட்டத்துக்கு வாங்கோ அண்ணை” என்று மட்டும் சொன்னாள். அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு திரும்ப ஏணியில் ஏறினார்.

அடுத்த கூட்டம் தொடங்கியதே வாக்குவாதத்தோடுதான். பக்கத்தை மூடவேண்டும் என்றார் தங்கராசா ஐயா. தர்மிளா கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அக்கராயனிலிருந்து வந்த ஆசிரியையின் கதையை ஷிஹானா சொன்னாள். மூடினால் அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் புத்தகம் சொல்ல ஆளில்லாமல் போகும்.

“மற்றவையும் பாப்பினமே, பிள்ளை.”

“பாக்கட்டும் ஐயா. மூடினால் ஏன் மூடினீங்கள் எண்டு கேப்பினம்.”

ஆட்களின் பெயர் போடுவதில்லை, புத்தகத்தின் பெயர் மட்டும் என்று கடைசியில் முடிவானது.

வாக்குவாதம் ஓய்ந்த நேரத்தில் சுடலைமுத்து வந்தார். நகக்கண்ணில் நீலம் இருந்தது. வாசலோரக் கதிரையிலேயே இருந்துகொண்டார். தங்கராசா ஐயா தொண்டையைச் செருமிவிட்டு, “அண்டைக்கு நான் கேட்டது கூடிப்போச்சுது தம்பி” என்றார். சுடலைமுத்து தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, மழைக்குப் பயந்த மேகம் ஒன்றைப் பற்றிய புத்தகத்தைச் சொன்னார். இந்த முறை புத்தகம் கைமாறி எல்லோரிடமும் போனது. ஒரு பக்கத்தில் மேகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று தங்கராசா ஐயா கேட்டார். வயலுக்கு மேலே நிற்பதால் என்றார் அவர். அச்சுப் பிழையாக இருக்கும் என்றார் ஐயா. இருவரும் அதில் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள்.

முடியும் தறுவாயில் சுடலைமுத்து கைத்தொலைபேசியை எடுத்தார். எல்லோருடைய கண்ணும் அதில் போனது. ஷிஹானாவின் கை தானாகவே முக்காட்டை இழுத்தது. அதை அவர் கண்டார்.

“எடுக்கலாமோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை, எடுங்கோ” என்றாள் ஷிஹானா. “ஆனா புத்தகத்தை மட்டும்.”

அவர் புத்தகத்தை மேசையில் விரித்துவைத்துக் குனிந்தார். தங்கராசா ஐயா கதிரையைப் பின்னுக்கு இழுத்து, படத்துக்குள் விழாத தூரத்தில் போய் இருந்துகொண்டார்.