பவளத்துக்கு ஒரு கம்பளி

மல்லாங்கிணற்றுச் சிவபாண்டி வளர்த்த குதிரை பவளத்துக்கு வெடிச்சத்தம் ஆகாது. அதனால் தீபாவளி வந்தால் அதை மேற்கு மலைக்காட்டுக்கு ஓட்டிப்போய், ஊரில் வெடியெல்லாம் ஓய்ந்த பிறகுதான் இறக்கிக்கொண்டு வருவான். அந்த வருஷம் அவனுக்குத் தலைத் தீபாவளி. ஆனைக்குட்டத்து மாமனார் வீட்டு விருந்தையும் விட்டுவிட்டு அவன் குதிரையோடு கிளம்ப, புதுப் பெண்டாட்டி கற்பகம் வீம்புக்குத் தானும் கூடவே மலையேறினாள்.

உச்சிக்காட்டில் ஓடையோரமாகத் தார்ப்பாய் கட்டினார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. சிவபாண்டி குதிரையைத் தேய்த்துவிட்டுக் கொள்ளு வைத்தான். கொண்டுவந்த ஒரே கம்பளியையும் அதன் முதுகில் போர்த்தினான்.

"எனக்கு?" என்றாள் கற்பகம்.

"நீ அடுப்புக்கிட்ட உக்காரு புள்ள. அது வாயில்லாச் சீவன்."

அவளுக்கு வயிறு எரிந்தது. "வாயிருந்து நான் என்னத்தக் கண்டேன்? அதுக்கே தாலி கட்டியிருக்கலாம்ல நீங்க!"

அவன் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குப் போனான். அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. பவளம் வெலவெலத்துக் கயிற்றை இழுத்தது. கற்பகம் தன்னை மறந்து ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணுமில்லடி, நான் இருக்கேன்ல." நடுங்கிக்கொண்டிருந்த குதிரை அவள் தோளில் தலையைச் சாய்த்தது.

சிவபாண்டி குடத்தோடு ஓடிவந்து, "பவளம்!" என்று கூப்பிட்டான். அது காதை மட்டும் அசைத்தது. மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தான். அது அவளை விட்டு நகரவில்லை. அவன் முகம் சுண்டிப்போனது.

"குட்டியிலருந்து வளக்கேன், திரும்பிப் பாக்குதா பாரு" என்று முணுமுணுத்தான்.

அதைக் கேட்ட பிறகுதான் கற்பகத்துக்கு அன்றைக்குப் பசியே எடுத்தது.