பச்சைக் கட்டம் போட்ட கவுன்

வால்ட்ராட் ஆலையிலிருந்து வந்தபோது மகள் ஹெய்ட்ரூன் சமையலறையில் உட்கார்ந்து, பச்சைக் கட்டம் போட்ட கவுனைத் தரை துடைக்கும் துணியாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு வால்ட்ராட்டே தைத்துக் கொடுத்தது. அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதை இறக்கி வைக்கவில்லை.

அந்தக் கவுன்தான் அன்று காலை அரசாங்க இளைஞர் பத்திரிகையில் படமாக வந்திருந்தது. லைப்சிக் நகரத்துக் கிதார் கச்சேரியில் ஆடும் ஒரு பெண். முகத்தைத் தலைமுடி மறைத்திருந்தது. ‘மேற்கத்திய இரைச்சல் எங்கே கொண்டுபோய் விடுகிறது?’ என்று தலைப்பு. பெயர் போடவில்லை, மழலையர் பள்ளி ஆசிரியைப் பயிற்சியில் இருப்பவள் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பெரிய மனசு!

ஹெய்ட்ரூன் செய்த தப்பு, பத்திரிகையை நம்பியதுதான். காதலும் உடம்பும் அசிங்கமில்லை, நம் சோஷலிச இளைஞர்கள் கூச்சப்படாமல் பேச வேண்டும் என்று அதே பத்திரிகையில் வாராவாரம் ஒரு டாக்டர் எழுதுவார். அதையெல்லாம் வெட்டிக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். கச்சேரி வாசலில் நிருபர் கேட்டபோது, கிதார் வாசிக்கும் டெட்லெஃபோடு தான் பழகுவதை, கூடப் படுப்பதைக்கூட ஒளிக்காமல் சொன்னாள். உங்கள் டாக்டரே சொல்கிறாரே என்றும் சொன்னாள். அச்சில் டாக்டரைக் காணோம். அவள் மட்டும் இருந்தாள்.

“உங்க ஆலையில வாசிச்சாங்களாம்மா?”

“வாசிச்சாங்க.”

“யாரு?”

வால்ட்ராட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலை இடைவேளையில் பத்திரிகையை உரக்கப் படித்து, கை தூக்கித் தீர்மானம் போடுவது எல்லா வேலைக்குழுவிலும் வழக்கம். அவளுக்குக் கணீரென்ற குரல் என்பதால் படிப்பது எப்போதும் அவள்தான். பாதியிலேயே படத்தில் தன் தையலை அடையாளம் கண்டுகொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

“கை தூக்கச் சொன்னாங்களா?”

“எல்லாரும் தூக்கினாங்கடி. நான் மட்டும் எப்படி...”

“நான்தான்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான்.”

ஹெய்ட்ரூன் அழவில்லை. மிச்சத் துணியையும் கத்தரித்து முடித்தாள்.

‘இப்படிப்பட்டவள் கையில் எங்கள் பிள்ளைகளை ஒப்படைக்க மாட்டோம்’ என்று வால்ட்ராட்டின் குழு போட்ட தீர்மானம் அடுத்த வாரம் அச்சானது. படத்தில் இருப்பது யாரென்று கண்டுபிடித்த பயிற்சிப் பள்ளி, அதைக் காட்டியே அவளை வெளியே அனுப்பியது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்டவள், தூரத்து ரோஸ்டாக் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் வீடு திரும்பவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபடும்?

சில வருஷம் கழித்து பெர்லினில் பெரிய இளைஞர் விழா வந்தது. கிதார் நல்லதுதான் என்று இப்போது கட்சி மேலிடத்தில் முடிவாகியிருந்தது. பத்திரிகை பக்கம் பக்கமாகப் படம் போட்டது. அதில் ஒன்று அதே பழைய படம், அதே பச்சைக் கட்டக் கவுன். இப்போது தலைப்பு, ‘நம் இளைஞர்களின் துள்ளல்’.

ஆலை இடைவேளையில் வால்ட்ராட் அதே கணீர்க் குரலில் கடைசி வரி வரை படித்தாள். பத்திரிகைக்குப் பாராட்டுத் தெரிவிக்கலாம் என்றாள் குழுத்தலைவி ஹனலோரே. எல்லாக் கைகளும் உயர்ந்தன. வால்ட்ராட்டின் கை மடியிலேயே கிடந்தது.

“என்ன வால்ட்ராட், கை வலிக்குதா?”

“அன்னிக்குத் தூக்கினதுல இருந்தே வலிக்குதுக்கா. இந்தப் படத்துல இருக்கிறது என் பொண்ணு.”

தூக்கிய கைகளை எப்போது இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹனலோரே குனிந்து, குறிப்பேட்டில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதினாள்.