வெற்றுக் காணி

மூன்று மணி பத்து. மங்கையற்கரசி வகுப்புக்குப் பிந்தி வந்தது அதுதான் முதல் தடவை. நஸீர் அன்றைய பத்துச் சொற்களில் ஏழாவதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். அவள் செருப்பைப் படிக்கட்டில் கழற்றிவிட்டு ஜன்னலோரக் கதிரையில் இருந்தாள். மடியில் கடதாசிகள் வைக்கும் ஒரு பிளாஸ்டிக் கோவை. அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். கொப்பியைத் திறக்கவில்லை.

ஓட்டமாவடியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் வகுப்பு நடந்தது. சண்டை முடிந்து ஒன்றரை வருடம். பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இங்கிலிஸ் தெரிந்தால் வேலை உண்டு என்றார்கள். நஸீருக்கு இருபத்தொன்பது வயது. டோஹாவில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் ஏழு வருடம் தேநீர் கொடுத்தவன். அங்கே நாள் முழுக்க ஓடிய வியாபாரத் தொலைக்காட்சியிலிருந்தும், தொலைபேசியில் கத்துகிறவர்களிடமிருந்தும் பொறுக்கியதுதான் அவனுடைய இங்கிலிஸ். பூக்களின், பறவைகளின் பெயர்கள் அதில் இல்லை. ஆகவே பாடப்புத்தகமும் இல்லை. சனிக்கிழமைதோறும் பத்திரிகையின் பங்குவிலைப் பக்கத்தைப் பிரதியெடுத்துக் கொடுப்பான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு இலட்சம் ரூபா இருப்பதாகக் கற்பனை. ஒரு கம்பனியைத் தெரிவுசெய்து, வாங்குவதா, விற்பதா, வைத்திருப்பதா என்று இங்கிலிஸில் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும்.

விலை விழுகிற சந்தைக்குக் கரடி என்று பெயர் என அவன் சொன்ன நாளில் ஆட்டோ ஓட்டும் மதுஷன் கையை உயர்த்தினான். "சேர், வாகரைக் காட்டுக்குள்ள கரடி நிறையக் கிடக்கு. அதானோ எங்கட பக்கம் ஒரு கம்பனியும் வராம இருந்தது?" பின்வரிசை வாங்கிலிருந்து சப்னா, "ஒங்கட ஆட்டோவக் கண்டா கரடியும் ஓடிரும்" என்றாள். அதையும் இங்கிலிஸில் சொல்லும்படி நஸீர் கேட்டான். சப்னா சொன்னாள். ஓடும் என்பதற்கு எதிர்காலம் சரியாக வந்தது.

மங்கையற்கரசிக்கு நாற்பத்து நான்கு வயது. வகுப்பில் மூத்தவள். பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டும் கம்பனியைத்தான் அவள் முதல் வாரத்திலிருந்தே தெரிவுசெய்தாள். காரணம் கேட்டபோது எழுந்து நின்று, "ஐ நோ தி லேண்ட்" என்றாள். நஸீர் கைதட்டினான். தெரிந்ததில் காசைப் போடுவதுதான் முதற்பாடம் என்று வகுப்புக்குச் சொன்னான். டோஹாவில் பெரிய மனிதர்கள் இதைவிடச் சிறிய வசனங்களை வைத்துப் பணம் பண்ணியதை அவன் பார்த்திருக்கிறான். அவள் கல்குடாப் பக்கத்து ஆள். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மோட்டார்சைக்கிளில் பாசிக்குடாவுக்குப் போனான். கம்பனி போட்ட முள்ளுக்கம்பி வேலிக்கு உள்ளே ஒரு கிணறு. காவல்காரன் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணி எப்படி என்று நஸீர் வேலிக்கு வெளியே நின்று கேட்டான். நல்ல தண்ணி என்றான் காவல்காரன். கடலிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில் நல்ல தண்ணீர். அதையும் நஸீர் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டான். டோஹாக் காசில் மிஞ்சியிருந்ததோடு மனைவி றமீஸாவின் இரண்டு காப்புகளையும் சேர்த்து, கொழும்புத் தரகர் ஒருவர் மூலம் அந்தக் கம்பனியில் நாலாயிரம் பங்குகள் வாங்கினான். வகுப்பில் சொல்லவில்லை. ஐந்து வாரத்தில் விலை பாதிக்குமேல் ஏறியிருந்தது.

போன சனிக்கிழமை வாசிப்புக்காக அந்தக் கம்பனியின் அறிக்கையைக் கொண்டுவந்து ஆளுக்கொரு பக்கம் கொடுத்திருந்தான். மங்கையற்கரசிக்குக் காணியைப் பற்றிய பக்கம் வந்தது. மூலையில் சிறிய வரைபடம். அவள் எழுந்து நின்று வாசித்தாள். ஒரு சொல்லில் நின்றாள்.

"வேகன்ட் எண்டா?"

"ஆளில்லாத, ஒண்டும் இல்லாத. வேகன்ட் ரூம். வேகன்ட் சீட்."

அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். இந்தக் காணிக்கு எவரும் உரிமை கோரவில்லை என்பது அடுத்த வசனம். அதைப் பிழையில்லாமல் வாசித்தாள். நஸீர் வெரி குட் என்றான்.

இன்று வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போனபின்னும் அவள் இருந்தாள். கோவையைத் திறந்து ஒரு தாளை மேசையில் வைத்தாள்.

"தம்பி, இதில பிழை பாத்துத் தாங்க."

வகுப்பில் சேர், வகுப்பு முடிந்தால் தம்பி. அது அவள் வழக்கம்.

இங்கிலிஸில் எழுதிய கடிதம். நஸீர் சிவப்புப் பேனையை எடுத்தான். 1987இலிருந்து இந்தக் காணி எங்களுடையது. நாங்கள் விற்கவில்லை. ஒருவரும் விலை கேட்கவும் இல்லை. காணிப் பெர்மிட் சுனாமியில் போய்விட்டது. என் கணவர் யோகராசாவும் போய்விட்டார். அவர் வெட்டிய கிணறு இருக்கிறது. ஆழம் பதினெட்டு அடி. சுனாமிக்குப் பிறகு மூன்று முறை உப்புத் தண்ணீரை இறைத்தோம். வேலி போட்ட நாள்வரை நான் அதில் தண்ணீர் அள்ளினேன். இந்தக் காணி வேகன்ட் அல்ல.

எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினான். கிணறு என்பதற்கான இங்கிலிஸ் சொல்லுக்கு முன்னால் விடுபட்ட ஒரு 'தி' போட்டான். பிரதிகள் போகவேண்டிய இடங்கள் கீழே இருந்தன. கம்பனி, பிரதேச செயலகம், கொழும்புப் பத்திரிகை.

"பத்திரிகைக்கு ஏன் அக்கா?"

"நீங்கதானே சொன்ன நீங்க. கூடாத செய்தி வந்தா விலை விழும், விலை விழுந்தாத்தான் பெரியாக்கள் கண்ண முழிப்பாங்க எண்டு."

"சுனாமி வீட்டு ஸ்கீம்ல உங்களுக்கு வீடு தந்ததுதானே?"

"வீடு தந்தவங்க. இந்த வளவத் தாங்க எண்டு ஆரும் கேக்கல்ல."

அவன் பேனையை மூடினான். "எப்ப அனுப்பப் போறீங்க?"

"திங்கக்கிழமை. தபால் கந்தோர் திறந்த உடன."

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பங்குச்சந்தை திறக்கும். பத்து மணிக்குள் தரகரைப் பிடித்துவிடலாம். எப்படியும் அன்று மாலைக்குள் விற்றுவிடலாம்.

"செவ்வாய்க்கிழமை அனுப்புங்களன்."

"ஏன்?"

கீழே வீதியில் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று போனது. கரும்பலகை அதிர்ந்து நின்றது.

"நானும் அந்தக் கம்பனில ஷெயார் வாங்கி இரிக்கன்."

"வகுப்புக் கற்பனைக் காசிலயா?"

"இல்லக்கா. சொந்தக் காசில."

மங்கையற்கரசி அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னத்துக்கு வாங்கின நீங்க?"

"நீங்கதான் காணி தெரியும் எண்டு சொன்ன. பொறகு நானும் போய்ப் பாத்தன். கிணத்தையும் பாத்தன். நல்ல தண்ணி எண்டான் காவல்காரன்."

சொல்லி முடித்தபிறகுதான் அது யோகராசா வெட்டிய கிணறு என்று அவனுக்கு உறைத்தது. அவள் கோவையை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"கப்பி கிடக்கா?"

"கிடக்கு."

"கயிறு?"

"புதுக் கயிறு. நீலம்."

அவள் தலையாட்டினாள். ஆறு வாரமாக வகுப்பில் அவளிடமிருந்து இப்படி ஒரு கேள்வியும் வந்ததில்லை என்று நஸீர் நினைத்தான். கடிதத்தை எடுத்து அவன் திருத்திய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாசித்தாள். அடியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தாள். கோட்டின் மேலே வெற்றிடம். தாளைத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள். மூடிய பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"கிணத்தக் கண்டதுக்குச் சாட்சி எண்டு உங்கட பேர எழுதித் தருவீங்களா, தம்பி?"